அறுபத்தொரு கடிதங்களும் ஒரு கேக்கும்

ஆர்ஹூஸ்,
நவம்பர் 8

அன்புள்ள சோல்வை,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவதற்கு முன் உன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டேன். என் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நலம்தான், எழுதித் தொலை என்றாள். நீ போன மாதம் கேட்ட அதிமதுர மிட்டாயை வாங்கி வைத்துவிட்டேன், நான்கு பொட்டலம், தனியாக அனுப்புகிறேன். மான்டிவிடியோவில் இப்போது வெயில் தொடங்கியிருக்கும், தொப்பி இல்லாமல் நடக்காதே. இங்கே நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. கம்பெனி விழாவில் அப்பா ஏதோ செய்துவிட்டாராமே என்று உன் சிநேகிதி எழுதியதாகச் சொன்னாய். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே குழம்பிவிடும்.

ஐந்தாம் மாடி குட்ரூனை உனக்கு நினைவிருக்கும், கப்பலில் சமையல்காரியாக இருந்தவள், டிசம்பரிலும் கடலில் போய் விழுந்து குளிப்பவள், உனக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன் என்று தண்ணீரில் தள்ளிவிட்டாளே அவள்தான். நம் கட்டடம் நான் வேலை பார்த்த கம்பெனியின் குடியிருப்பு நிதிக்குச் சொந்தம். அதன் லிஃப்ட் பதினான்கு மாதமாக நின்றுகிடந்தது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளால் படி இறங்க முடியவில்லை, கடலை ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி. புதனும் சனியும் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை, முழங்கால் போனது அதனால்தான். ஒவ்வொரு தடவையும் நான் அவளிடம், புகார்களுக்குப் பதில் சொல்லக் கம்பெனியிடம் நல்ல பொறுப்புக் கொள்கை இருக்கிறது, முறைப்படி எழுது, கட்டாயம் பதில் வரும் என்று சொல்வேன். அந்தக் கொள்கையை எழுதியவனே நான்தானே, சொல்லாமல் என்ன செய்வேன். அவளும் ஆறு கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன ஆகஸ்டில் ஒருநாள் ரொட்டியை வாங்கிக்கொண்டு, உன் கம்பெனிக்காரன் ரொம்ப மரியாதைக்காரன்ப்பா ஐனார், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான் என்றாள். அப்புறம், சவப்பெட்டியில வச்சு எறக்கினாத்தான் இனி நான் கீழ போவேன் போல, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், மூணாவது மாடித் திருப்பத்துல பெட்டி திரும்பாது, அதனால சாகவும் வழியில்ல என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதச் சொன்னதால்தானே எழுதினாள்.

செப்டம்பரில் கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஆண்டறிக்கையில் புகார்களின் எண்ணிக்கை பூஜ்யமாம், அதற்கு விழா, கொள்கையை எழுதியவன் என்பதால் நான் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். இதில் ஒன்றை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் இருந்தபோது வருடத்துக்கு ஐந்தாறு புகார் வரும், உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவேன். நான் ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து பூஜ்யம். அப்படியானால் அதுவரை இருந்த கோளாறு நான்தானோ என்று பத்து வருடமாக எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்துவந்தது.

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை வழக்கம்போல யுட்டாவின் பேக்கரிக்குப் போனேன். நான் வேலை பார்த்த பழைய அலுவலகம் இருந்த இடம்தான் அது, நான் ஓய்வு பெற்ற வருடமே கம்பெனி துறைமுகத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனதும் அவள் வாடகைக்கு எடுத்தாள். கம்பெனி அவளிடம்தான் விழாவுக்கு அடுக்குக் கேக் சொல்லியிருந்தது. கேக்கின் மேல் எழுத வேண்டியதைக் காட்டினாள், பத்து ஆண்டுகள், ஒரு புகாரும் இல்லை என்று இருந்தது. காட்டிவிட்டுக் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு மாவு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள். வாசல் சுவரில் பித்தளை மூடி போட்ட கடிதத் துளை இருக்கிறதல்லவா, பழைய கட்டடம் என்பதால் அதை அடைக்க நகராட்சி அனுமதிக்கவில்லை. புகார்கள் பத்து வருடமாக அதன் வழியாக மாவு மூட்டைமேல் விழுந்துகொண்டிருந்திருக்கின்றன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லாம என்ன, போன் பண்ணினேன், புகார்னா எழுத்துல அனுப்புங்கன்னு ஒரு குரல் என் கடை விலாசத்தையே எனக்குச் சொல்லிச்சு, நானும் எழுதி என் துளையில நானே போட்டேன், கீழ இருக்கும் பாருங்க என்றாள். இருந்தது.

தவறு என்னுடையதுதான். மின்னஞ்சலில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் புகார் காகிதத்தில்தான் வரவேண்டும் என்று கொள்கையில் விலாசத்தோடு எழுதிவைத்தவன் நான். அலுவலகம் மாறியபோது யாரும் அதைத் திருத்தவில்லை, ஏனென்றால் நான்காம் பக்கத்துக்கு மேல் அதை யாரும் படித்ததே இல்லை.

டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து தேதிவாரியாக அடுக்கி எண் போட்டேன். அறுபத்தொன்று. நாற்பத்திரண்டாம் எண்ணிலிருந்து இடையிடையே ஆறு, குட்ரூனுடையவை, அவற்றில் கடைசியில் வெறும் லிஃப்ட் என்று ஒரே ஒரு வார்த்தை. உன் அம்மா நான்காவது கடிதத்தை எடுத்துப் பார்த்து, இது உன் கையெழுத்தாச்சே என்றாள். ஆமாம். ஓய்வு பெற்ற புதிதில், நான் விட்டுவந்த ரப்பர் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று பெயர் போடாமல் ஒன்று எழுதியிருந்தேன். பதில் வராதபோது மனம் நொந்துபோனது, உங்களிடமெல்லாம் சொல்லவில்லை. உன் அம்மா கடிதத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கொள்கையோட மிச்சத்தையும் படி, நீ எழுதினதுதானே என்றாள். படித்தேன். ஏழாம் பிரிவு: முப்பது நாளில் பதில் தரப்படாத புகார் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். நான் சோம்பிவிடக்கூடாதே என்று என்னைப் பயமுறுத்திக்கொள்ள அன்று நானே எழுதியது.

விழாவில் எழுபது பேர் இருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் கொள்கையை அழகாக அச்சிட்டு வைத்திருந்தார்கள், கேக்கில் சின்னச் சின்னக் கொடிகள். பொறுப்புத் துறைத் தலைவி மத்தில்டே, உன் வயதுதான் இருக்கும், என்னைப் புகழ்ந்து பேசினாள். என் முறை வந்ததும் எழுந்து போனேன். பதினோரு முறை திருத்திய பேச்சு சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல், எல்லாரும் தயவுசெய்து ஒன்பதாம் பக்கத்தைத் திருப்புங்கள் என்று சொல்லிவிட்டு ஏழாம் பிரிவைப் படித்தேன். பிறகு டின்னைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்து, அறுபத்தொரு புகார்களின் பட்டியலைக் கம்பெனியின் படிவத்திலேயே நிரப்பி மத்தில்டேயிடம் கொடுத்தேன். கேக் கொண்டுவந்திருந்த யுட்டா மட்டும் பின்வரிசையில் கைதட்டினாள். கம்பெனி வக்கீல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மத்தில்டே அவரிடம் மெதுவாக, இது செல்லுமா என்று கேட்டாள். அவர், போன வருஷம் நாம விருது வாங்கினதே இந்தக் கொள்கைக்குத்தான் என்றார். அதன் பிறகு எல்லாரும் கேக் சாப்பிட்டோம்.

லிஃப்ட் ஆட்கள் அடுத்த செவ்வாய்க்கிழமையே வந்தார்கள், மூன்று வாரத்தில் ஓடியது. ஓடிய நாள் காலை ஏழு மணிக்குக் குட்ரூன் குளியல் அங்கியோடு கீழே இறங்கிவந்து எங்கள் கதவைத் தட்டினாள். நன்றி சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கிட்டு வாடா பயந்தாங்கொள்ளி என்றாள். கடல் ஒன்பது டிகிரி. அவள் கழுத்துவரை போய்விட்டாள், நான் கணுக்கால்வரை நின்று அவள் கைத்தடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கிருந்து கத்திய வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது, ஆனால் அவ்வளவு சந்தோஷமான கெட்ட வார்த்தைகளை நான் கேட்டதில்லை. போன வாரம் நான்காவது புகாருக்காகக் கம்பெனியிடமிருந்து ஒரு ரப்பர் செடியும் வந்து சேர்ந்தது, ஆளுயரம், தொலைக்காட்சி தெரியவில்லை. இதுக்கு நான் ஒரு புகார் எழுதப்போறேன் என்கிறாள் உன் அம்மா.

கம்பெனி ஏழாம் பிரிவை நீக்கப்போகிறதாம். ஆனால் எந்தத் திருத்தமும் அறுபது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது, அதுவும் நான் எழுதியதுதான். விலாசத்தைத் திருத்துவதற்கும் அதே அறுபது நாள். இதற்கிடையில் குட்ரூன் இன்னொரு கடிதம் எழுதிவிட்டாள். லிஃப்ட் இருந்தால் போதாதாம், கடலுக்குள் இறங்கும் மரப்படிக்குக் கம்பெனி ஒரு கைப்பிடி வைத்துத்தர வேண்டுமாம். யுட்டாவின் துளையில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். யுட்டா அதை மாவு மூட்டைமேல் விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறாள், நானும் யாருக்கும் நினைவூட்டப்போவதில்லை. முப்பதில் இன்றோடு பதினோரு நாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நீண்ட நாள் வாழவேண்டும். உன் பாஸ்போர்ட் மார்ச் ஒன்பதோடு முடிகிறது, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை டிசம்பர் தொடங்கும்வரை உன் சிநேகிதிக்குக் காட்டாதே, அவள் கம்பெனியில்தானே வேலை பார்க்கிறாள்.

அன்புடன் உன் அப்பா,
ஐனார் டொஃப்டகோர்