பன்னிரண்டு சலவைக் கடைகள்

நவம்பர் 3, திங்கள்

மின்னஞ்சல் வந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, வீடியோவில் நேர்முகத் தேர்வு. ஜகார்த்தாவின் அந்தப் பெரிய நிறுவனம்தான். இந்த யோக்யகர்த்தாவில் யாருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தாலும் அவர்களுடைய செயலி முதல் திரையிலேயே இருக்கும். அதில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், புராடக்ட் மேனேஜர் வேலைக்கு. அதாவது, செயலியில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்கிற வேலை. அதற்கான நிரலை எழுதுவது வேறு யாரோ.

மூன்று முறை படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இது கிடைக்காவிட்டால் சொந்த ஊர் கிலாத்தென்தான். அப்பாவின் நண்பர் சுகார்சோ மாமா அங்கே கிராம வங்கியில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறார். போன பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவர், "என்னம்மா, வந்துருவியா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம் மாமா" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு "சரி" என்று பொருள். அதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் நான். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? மாத முடிவுக்குள் அவருக்கு உறுதியாகச் சொல்ல வேண்டுமாம்.

நவம்பர் 5, புதன்

நஸ்தித்தியை எதிரே உட்கார வைத்துப் பயிற்சி. என் அறைத்தோழி. மருந்தியல் படிக்கிறாள், இந்த விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. இணையத்திலிருந்து எடுத்த கேள்விகளை அவள் வாசிப்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். "காது கேளாதவர்களுக்கு ஓர் அலாரக் கடிகாரம் வடிவமையுங்கள்." யாருக்கு, என்ன தேவை, என்னென்ன வழிகள், எதை வைத்து அளப்பது — மனப்பாடம் செய்த வரிசையில் ஒப்பித்தேன்.

"சூப்பர், வெனிங்" என்று என் பெயரை இழுத்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

அடுத்த கேள்விக்கு நடுவில் எனக்கு வார்த்தையே வரவில்லை. சும்மா முழித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் "சூப்பர்".

நவம்பர் 8, சனி

வகுப்புத் தோழன் பிமோவும் வந்தான். போன ஆண்டு இருவரும் சேர்ந்துதான் கல்லூரிப் புராஜெக்டாகச் சலவைக் கடைகளுக்கான செயலியைச் செய்தோம். மாணவர் விடுதிகளைச் சுற்றி, துணியை எடைபோட்டு வாங்கித் துவைத்துத் தருகிற கடைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு. துணி எப்போது தயார் என்று கடைக்காரர் போடுவார், வாடிக்கையாளர் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். என் பயோடேட்டாவில் மேலிருந்து இரண்டாவது வரி அதுதான்: "பன்னிரண்டு சலவைக் கடைகள் பயன்படுத்தும் செயலி." என்னைக் கூப்பிட்டதே அந்த வரிக்காகத்தான். மின்னஞ்சலிலும் அதைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கதையைச் சொல்லிக் காட்டினேன். பிமோ, "பக்காவா இருக்கு." நஸ்தித்தி, "சூப்பர்."

சமையலறையில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்த தியுர்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். மாடி அறைக்காரி. வடக்குச் சுமத்ராவின் பத்தாக் இனப் பெண். அவள் சாதாரணமாகப் பேசினாலே எங்கள் ஜாவாக்காரர்களுக்குச் சண்டை போடுவதுபோல இருக்கும்.

"ஏன் ரெண்டு பேரும் இவள ஏமாத்துறீங்க?"

நஸ்தித்தியின் முகம் சிவந்துவிட்டது. "யாரு ஏமாத்துனா? நல்லாத்தானே சொன்னா."

"எது நல்லா? ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் அங்க நின்னு தூங்கிட்டேன், நூடுல்ஸ் கொழைஞ்சு போச்சு. வெனிங், நாளைக்குக் காலையில மேல வா. நான் கேக்குறேன்."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். "பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம் கீர்க்கலாமெல்லாம் வேணாம். எத்தன மணிக்கு?"

நவம்பர் 9, ஞாயிறு

அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தியுர்மா கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டாள். சலவைக் கடைக் கதை தொடங்கியதுமே கையை நீட்டி நிறுத்தினாள்.

"பன்னெண்டு கடைங்கிற. யாரு சொன்னா?"

"நாங்க போய்ப் போட்டுக் குடுத்தோம். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

"அவங்க ஜாவாக்காரங்களா?"

"ஆமா."

"நீயும் ஜாவாக்காரி. நல்லா இருக்கான்னு நீ கேட்ட, நல்லா இருக்குன்னு அவங்க சொன்னாங்க. டீயும் குடுத்திருப்பாங்களே?"

கொடுத்தார்கள். பன்னிரண்டு கடையிலும்.

"சரி, இன்னைக்குத் தேதிக்கு எத்தன பேரு யூஸ் பண்றாங்க?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. மதிப்பெண் வந்த பிறகு நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. புள்ளியியல் படிக்கிறவள் நான்.

நவம்பர் 10, திங்கள்

திறந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. கடைசிப் பதிவு ஏப்ரலில் — அதுவும் நானே சோதித்துப் பார்க்கப் போட்டது.

நவம்பர் 12, புதன்

மூன்று நாளாக மழை. யாத்மி அக்கா கடையில் போட்ட என் துணி இன்னும் வரவில்லை. அந்தப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கக் கூடாது என முடிவு செய்துகொண்டு போனேன். கேட்டால் மறுபடியும் டீ வரும். எதிர்க்கடையில் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து அக்கா கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொடியெல்லாம் ஈரத்துணி. ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, யாருக்கும் பயனில்லாமல். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யாத்மி அக்கா ஒவ்வொருவரிடமும் அதே குரலில் அதே பதிலைச் சொன்னாள்: "நாளைக்கு, தம்பி. நாளைக்கு, தங்கச்சி." நாளைக்கும் காயாது என்று அவளுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கும் தெரியும். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. "சரிக்கா, அவசரமில்ல" என்று வைத்துவிட்டார்கள். நானும் நேற்று அதே பதிலைக் கேட்டு அதே மாதிரிதான் வைத்தேன்.

எங்கள் செயலியில் முதல் கட்டமே, "எத்தனை மணிக்குத் தயாராகும்?" அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. அந்தக் கட்டத்தைச் சேர்த்தவள் நான். அதைப் பெரிய சாதனையாகவும் நினைத்தேன்.

"நாளைக்கு" என்றால் "இன்னும் ஆகலை, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று இரண்டு பக்கமும் புரிந்துகொள்கிறார்கள். "நாளை மாலை நான்கு மணி" என்று எழுத்தில் போட்டால்? அது வாக்கு. வராவிட்டால் பொய். மழைக்காலத்தில் எந்தக் கடைக்காரர் அதில் விரலை வைப்பார்? எங்கள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு மனமில்லை. ஆகவே, "நல்லா இருக்கு தங்கச்சி." நானாக இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பேன்?

சோறு ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

பிமோவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"அவங்க வந்து எண்ணிப் பாக்கவா போறாங்க? அந்த வரிதான் உன்ன உள்ள கூட்டிட்டுப் போயிருக்கு. அதையே நீ அடிச்சுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

என்ன இருக்கு. அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தியுர்மா உபதேசமெல்லாம் செய்யவில்லை. "சொன்னா கெடைக்காமப் போலாம். சொல்லாட்டி கெடைக்கலாம். அது உன் பாடு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் — அந்தப் பன்னெண்டச் சொல்லும்போதுதான் உனக்கு ரேடியோக் குரல் வருது."

நவம்பர் 16, ஞாயிறு

எதுவும் படிக்கவில்லை. ஒரு தடிமனான ரஷ்ய நாவலில் ஒளிந்துகொண்டேன். அதிலும் எல்லோரும் சொல்ல வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுநூறு பக்கம் இருக்கிறது. எனக்கு ஐந்து நாள்.

நவம்பர் 18, செவ்வாய்

அப்பா கூப்பிட்டார். வீட்டில் கூரை ஒழுகுகிறதாம், பூனை குட்டி போட்டிருக்கிறதாம். கடைசியில்தான் — எப்போதும் கடைசியில்தான் — "சுகார்சோ உன்ன விசாரிச்சாரு" என்றார்.

"ம், அப்பா."

அந்த "ம்"முக்கு அவர் என்ன பொருள் எடுத்துக்கொண்டாரோ. ஜகார்த்தா பற்றி நான் இன்னும் சொல்லவேயில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாமே.

இதுவும் "நாளைக்கு" கணக்குத்தானா?

நவம்பர் 21, வெள்ளி

முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

கேட்டவர் பெயர் பிரயோகோ. நாற்பது வயதிருக்கும், மெதுவான பேச்சு. ஊர் சோலோ என்றார். எங்களைவிட மென்மையாகப் பேசுகிறவர்கள் உண்டென்றால் அது சோலோக்காரர்கள்தான். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது.

"சலவைக் கடைங்கள்ல இருந்தே ஆரம்பிக்கலாமா? ஆர்வமா இருந்தேன்" என்றார்.

சொல்லிவிட்டேன். "சார், அந்த வரி இப்ப உண்மை இல்ல. பன்னெண்டு கடையில போட்டுக் குடுத்தோம். இன்னைக்கு ஒரு கடையும் யூஸ் பண்ணல. போன வாரந்தான் பாத்தேன். அதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும்."

அவர் தண்ணீர் குடித்தார். குடித்து முடிக்க அவ்வளவு நேரமா ஆகும்?

"ஏன் யூஸ் பண்ணல?"

மழை, ஈரத்துணி, "நாளைக்கு", மணி கேட்கிற அந்தக் கட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். மனப்பாடம் செய்த வரிசை எதுவும் நினைவில் இல்லை, தேடவும் இல்லை.

"சரி, இப்ப செஞ்சா எப்படிச் செய்வீங்க?"

"மணி கேக்குறத எடுத்துருவேன். துணி காஞ்சு மடிச்சு வெச்ச பிறகு ஒரே ஒரு பட்டன். அழுத்துனா வாடிக்கையாளருக்குத் தகவல் போகும். அதுக்கு முன்னாடி கடைக்காரங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

"வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரியணுமே?"

"தெரியணும்தான். ஆனா மழை பெய்யுறது அவங்களுக்கும் தெரியும் சார்."

சிரித்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க நெனைக்கிறது சரின்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டு கடையில மட்டும் வெச்சுப் பாப்பேன். நல்லா இருக்கான்னு கேக்க மாட்டேன். ஒரு மாசம் கழிச்சு, அழுத்துறாங்களான்னு எண்ணிப் பாப்பேன்."

பிறகு இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்றுக்குச் சுமாராகச் சொன்னேன், மற்றதில் கணக்கைத் தப்பாகப் போட்டு நானே திருத்தினேன். முடிவில் புன்னகையோடு, "ரொம்ப நல்லா இருந்துச்சு. நன்றி" என்றார்.

மாடிக்கு ஓடிப்போய்த் தியுர்மாவிடம் அதைச் சொன்னேன்.

"சோலோக்காரர் நல்லா இருந்துச்சுன்னாரா? அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வா, சாப்பிடப் போலாம்."

நன்றாகப் பசித்தது. எத்தனை நாளாயிற்று இப்படிப் பசித்து.

நவம்பர் 22, சனி

ஒன்பது மணிவரை தூங்கினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

முடிவு வரவில்லை. மாத முடிவு நெருங்குகிறது. கையில் இன்னொரு வேலை உறுதியான பிறகு வங்கிக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஆனால் ஜகார்த்தா கிடைக்காவிட்டாலும் எனக்கு அந்த வங்கி வேண்டாம். இது எனக்கு எப்போதிலிருந்து தெரியும்? பெருநாளிலிருந்தே தெரியும். சுகார்சோ மாமா வேறு யாருக்கோ கொடுத்திருக்க வேண்டிய நாற்காலியை நான் அல்லவா பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். பூனைக்குட்டி, கூரை எல்லாவற்றுக்கும் முன்னால், முதலிலேயே சொன்னேன்.

"அப்பா, நான் வங்கிக்கு வரல. ஜகார்த்தாவுல ஒரு இடத்துக்கு இன்டர்வியூ குடுத்திருக்கேன். கெடைக்குமான்னு தெரியாது. கெடைக்காட்டியும் வரல."

"அங்க மழை நின்னுருச்சா?" என்றார்.

"இல்லப்பா."

"இங்கயும் இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. மாலையில் அம்மாவிடமிருந்து செய்தி: ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு அப்பா சுகார்சோ மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாராம். என் சார்பாக மன்னிப்புக் கேட்க. பாரம் என்னுடையது. அப்பா மழையில் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆனாலும் — எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது — லேசாக இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

மின்னஞ்சலைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தியுர்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். முழுக்கப் படித்தாள், ஒரு வரி விடாமல். முகத்தில் ஒன்றுமே இல்லை. இவளும் சோலோக்காரியாகிவிட்டாளா என்ன?

"கெடச்சிருச்சு. ஜனவரி அஞ்சு. இப்ப அழுத, நான் கெளம்பிப் போயிருவேன்."

அழுதேன். அவள் போகவில்லை. நஸ்தித்தி ஓடிவந்து "சூப்பர்" என்றாள். இந்த முறை தியுர்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

அப்பா நிலையத்துக்கு வந்திருந்தார். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை என் மடியில் வைத்துவிட்டு, பெட்டியை மேலே ஏற்றினார். அது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு முறை இறக்கி மறுபடியும் ஏற்றினார். சன்னலைப் பார்த்தார். இருக்கை எண்ணைப் பார்த்தார். பூனைக்குட்டிகளில் ஒன்றைச் சுகார்சோ மாமா கேட்டிருக்கிறாராம், அவருடைய பேத்திக்கு.

பிறகு, எந்தச் சுற்றும் இல்லாமல் கேட்டார்: "பயமா இருக்காம்மா?"

"ஆமாப்பா."

"எனக்கும்தான்."

இறங்கிப் போனார். ரயில் நகரும்வரை நடைமேடையில் நின்றார். கையசைக்கவில்லை, நானும் அசைக்கவில்லை. வயல்வெளி வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். சோறு இன்னும் சூடாக இருந்தது.