மூலையில் வைத்த மஞ்சள்

காரைக்குடி
ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாதம் பதினெட்டாம் நாள்

ரங்கூனில் இருக்கும் என் செல்ல மகள் சொர்ணவல்லிக்கு, அம்மா வீரலட்சுமி ஆசையோடு எழுதிக்கொண்டது. குன்றக்குடி முருகன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நலம். அப்பாவையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், கை தவறி வந்ததில்லை, இன்னொரு தரம் படித்துக்கொள். மாப்பிள்ளையும் பேரனும் சுகமா, உன் இருமல் நின்றதா என்று மறு தபாலில் எழுது.

போன மாதம் அப்பாவைத் தேனம்மை ஆச்சி நடத்துகிற வீட்டில் கொண்டுபோய் விட்டேன். குடியை விட நினைக்கிறவர்களை அங்கே நாற்பது நாள் வைத்துக்கொண்டு, கஞ்சியும் மோரும் கொடுத்து, வைத்தியரை அழைத்துக் காட்டி, தெம்பு வந்ததும் கைக்கு வேலையும் கொடுக்கிறார்கள். பெரிய வீடுகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிற பழைய சேலை வேஷ்டிகளைக் கேட்டு வாங்கித் திங்கட்கிழமைச் சந்தையில் விற்றுத்தான் செலவு நடக்கிறது. விற்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், என் வாய் உனக்குத் தெரியாததா. ஆனால் முதல் சந்தையில் ஒரு துண்டுகூடப் போகவில்லை. செத்தவுக துணியாக இருக்கும் என்று தொட்டுப் பார்க்கவே கூசினார்கள். இருக்கிற அரிசி பத்து நாளைக்குத்தான், அப்புறம் எல்லாரையும் அனுப்பிவிட வேண்டியதுதான் என்று ஆச்சி கண் கலங்கினாள். அப்பா போய்ப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. பாதியில் வந்தால் நேரே கள்ளுக்கடைதான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திடீரென்று ஒரு யோசனை வந்தது பார். புதுச்சேலை கட்டுமுன் மூலையில் மஞ்சள் வைக்கிறோமே, அதையே இந்தத் துணிகளுக்கும் வைத்தால் என்ன என்று, எல்லாவற்றையும் வெளுத்து மடித்து மூலைக்கு மூலை மஞ்சள் வைத்துவிட்டேன். அடுத்த சந்தையில் கூட்டம் மொய்த்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, கல்லல் பக்கத்துப் பெண் ஒருத்தி வாங்கிப் போன சேலையோடு திரும்பி வந்தாள். மஞ்சளைப் பார்த்துப் புதுசு என்று நம்பினாளாம், உள்ளே தையல் போட்டிருக்கிறதாம். ஏமாற்றுக்காரி என்று அவள் சத்தம் போட, கூட்டம் கலையத் தொடங்கியது. வாய்க்காரி நான் துணிகளைச் சுருட்டத் தொடங்கிவிட்டேன். மூட்டை சுமந்து வந்திருந்த உன் அப்பா முன்னால் வந்து நின்றார். "பழசுதான் தாயி. கூச்சம் போகட்டும்னுதான் மஞ்சள் வச்சோம், சொல்லாதது எங்க தப்பு. ஆனா செத்தவுக துணி ஒண்ணுகூட இல்லை. நான் குடிச்சே கெட்ட அரசப்பன் ஆசாரி. இந்தத் துணி வித்த காசுலதான் இப்பக் கஞ்சி குடிக்கிறேன்" என்றார். இத்தனை வருஷம் குடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்த மனுஷன் சந்தை நடுவில் சொன்னாரடி. அந்தப் பெண் சேலையை மடித்துக்கொண்டு, கூட ஒரு துண்டும் எடுத்தாள். மத்தியானத்துக்குள் கடை காலி. அடுத்தடுத்த சந்தைகளிலும் அப்படியே விற்று, இப்போது தை மாதம் வரைக்கும் அரிசி இருக்கிறது.

நாற்பது நாளும் முடிந்து அப்பா முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை தோறும் மூட்டை தூக்க வருவேன் என்கிறார். இனி அப்பாவுக்கு ஒரு எழுத்துக்கூட எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ ரயிலேறினது எனக்கு மறக்கவில்லை, உன்மேல் தப்பும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வரி எழுது, போதும். பேரனை மழையில் விடாதே. நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா வீரலட்சுமி

இதன் கீழே இருக்கும் கோடு அப்பா போட்டது. உளி பிடிக்க முடியாமல் நடுங்கின கை, அளவுகோல் வைக்காமல் போட்டிருக்கிறது. எங்கேயாவது வளைந்திருக்கிறதா என்று பார்த்து அவருக்கே எழுது.

————————————