எஸ்றாவின் நாற்பத்தேழு அட்டைகள்

பிப்ரவரி 6, 1978. திங்கள்.

ஆவுடையப்பன் கடையில் துவரம்பருப்பு அரைக் கிலோ, சவுக்காரம் ஒரு கட்டி. மத்தியானம் என்ன குழம்பு வைத்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது, அப்படியானால் சாப்பிட்டிருக்கிறேன்.

சாயங்காலம் பெண்கள் சங்கத்தில் ஜெபம் பண்ணச் சொன்னார்கள். கால் மணி நேரம் பண்ணினேன். "கிருபைக்கா ஜெபம்னா ஜெபந்தான்" என்றார்கள். வாய் அதுபாட்டுக்குப் போகிறது. நான் அங்கே இல்லை.

எஸ்றா போய் எண்பத்தெட்டு நாள். மூன்று வயதில் தாயில்லாமல் என் கைக்கு வந்த அண்ணன் மகன். இருபத்தேழு வயது. மஞ்சக்காமாலை. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. ஏன் ஆண்டவரே?

பிப்ரவரி 9, வியாழன்.

எஸ்றாவோடு வேலை பார்த்த பிள்ளை வந்தாள். பெயர் ஜெபசெல்வி, சாத்தான்குளம். தூத்துக்குடிப் பக்கம் அந்தக் கெமிக்கல் பாக்டரியில் கம்ப்யூட்டர் ரூமில் இருக்கிறாள். ஒல்லி, கண்ணாடி போட்டிருக்கிறாள். எஸ்றா கூப்பிட்ட மாதிரியே என்னை அத்தை என்றாள். வந்ததும் அழப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழ வரவில்லை.

பழைய மிஷின் வாடகை மிஷினாம். மார்ச் 31ஆம் தேதி வெள்ளைக்காரக் கம்பெனி அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறது. புது மிஷின் வந்து இறங்கிவிட்டது. உப்புத்தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு கலக்க வேண்டும் என்று எஸ்றா ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தானாம், ஐந்து துண்டாக. நாலு துண்டைப் புது மிஷின் வாங்கிக்கொண்டது.

"ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா மொழிபெயர்க்கும்போது ஒண்ணும் சொல்லல அத்த. எல்லாத்தையும் ஒண்ணா கோக்கும்போதுதான் மாட்டுது. முதல் துண்டு அஞ்சாவது துண்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. அப்படி ஒரு ஆளே இல்லன்னு பேப்பர்ல அடிச்சுத் தள்ளுது."

"பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்க மாதிரியா?"

"ஆமா. நாலு பேர் உள்ளேன்னுட்டான். ஒருத்தன் வரல."

அந்த ஐந்தாவது துண்டு பழைய மிஷின் வயிற்றுக்குள் இருக்கிறது, ஆனால் பழைய மிஷின் பாஷையில் இருக்கிறது. புதுசுக்கு அது புரியாது. எஸ்றா கைப்பட ஓட்டை அடித்த அட்டைகள்தான் வேண்டும், கணக்கின் ஒரு வரிக்கு ஒரு அட்டை. லீவில் வரும்போது அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டானாம்.

"நாப்பத்தேழு அட்டை, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. மேல்பக்கம் செவப்புப் பென்சில்ல சாய்வா ஒரு கோடு இழுத்திருப்பாரு, கீழே விழுந்து கலைஞ்சா அடுக்கதுக்கு. பாத்தியளா?"

கிடைக்காவிட்டால் ஐந்து துண்டையும் குப்பையில் போட்டுவிட்டுப் பம்பாய் ஆட்களை வைத்துப் புதிதாக எழுதப்போகிறார்களாம். அவளை மறுபடி அட்டையில் ஓட்டை போடும் வேலைக்கே அனுப்பிவிடுவார்களாம்.

"அப்படி ஒண்ணும் இல்லியே மக்கா" என்றேன். "காய்ச்சக்காரன் சாமான்னு எல்லாத்தையும் எரிச்சாச்சு."

காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10.

எரிக்கவில்லை. நேற்றுச் சொன்னது பொய். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கி இரண்டாம் நாள், கூசாமல் சொன்னேன்.

எரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் பண்ணியது வேறே.

ஓட்டை போட்ட வேஸ்ட் அட்டைகளை எஸ்றா கட்டுக் கட்டாகக் கொண்டுவருவான். வண்ணானுக்குத் துணிக் கணக்கு, கடைச் சீட்டு எல்லாம் அதிலேதான் எழுதுவோம். டிசம்பரில் சபை ஐயர் சுந்தர்சிங், "புதுவருஷ ஆராதனைக்கு வாக்குத்தத்த அட்டை நூத்தியிருவது வேணும், அச்சடிக்க நேரமில்ல, உங்க கையெழுத்து முத்துமாதிரி இருக்குமே" என்றார். துக்க வீட்டுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார். நானும் எழுதினேன். முதுகுப்பக்கம், ஓட்டைகளைச் சுற்றிச் சுற்றி, அட்டைக்கு ஒரு வசனம். வேஸ்ட் அட்டை தீர்ந்தது. அலமாரியில் ஒரு கட்டு இருந்தது. சிவப்புக் கோடு இருந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். இது எதற்கு என்று கேட்க ஒரு ஆள் இல்லை, அதனால் எனக்குள்ளேயும் நான் கேட்கவில்லை.

புதுவருஷம் அன்றைக்கு எல்லாரும் தட்டிலிருந்து கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குக் கொடுத்த வார்த்தை. அதை எப்படித் திருப்பிக் கேட்பது?

பிப்ரவரி 12, ஞாயிறு.

கோயிலில் பின் வரிசையில் உட்கார்ந்தேன். ஐயர் வேதம் திறக்கச் சொன்னார். எல்லாரும் திறந்தார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் அட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சிலதின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி, கட்டாக இருந்தபோது கோடாக இருந்தது. ஒன்று, இரண்டு, ஆறு, ஒன்பது... பிரசங்கம் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிப்ரவரி 18, சனி.

சாத்தான்குளம் போனேன். ஜெபசெல்வி வீட்டு நடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"புதுவருஷ அட்டையா குடுத்திட்டியளா?"

"ஆமா."

"எத்தன பேருக்கு?"

"நூத்தியிருவது. அதுல நாப்பத்தேழு அவன்து."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒம்பது நாள் மிச்சம்" என்றாள். அது ஏச்சுதான். பட வேண்டியதுதான். ஆனால் அதுவும் உள்ளே போய் விழவில்லை, தோளில் விழுந்த தூசி மாதிரி இருந்தது.

பிப்ரவரி 20, திங்கள்.

பெண்கள் சங்கத்தில் எழுந்து சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. "பாவம், பிள்ளையைப் பறிகுடுத்த நெஞ்சு" என்றார்கள். திட்டியிருக்கலாம்.

ஆனால் அட்டை கேட்டதும் முகங்கள் மாறிவிட்டன. ஜெபகனி எழுந்தே விட்டாள்.

"என்ன கிருபைக்கா, ஆண்டவர் குடுத்ததத் திருப்பிக் கேக்கிய? இந்த வசனம் வந்த மறுமாசம்தான என் மகளுக்கு மாப்பிள்ள அமைஞ்சுது. கல்யாணம் ஏப்ரல்ல. நான் தர மாட்டேன்."

"வேற அட்டையில அதே வசனத்த எழுதித் தாரேன் ஜெபகனி."

"அது நீங்க குடுக்கது. இது அவர் குடுத்தது."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கும் அவள் சொல்வது சரி என்றுதான் பட்டது.

பிப்ரவரி 22.

ஜெபசெல்விக்கு இன்லண்ட் லெட்டர் போட்டேன். தர மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினேன்.

பிப்ரவரி 25, சனி.

ஜெபசெல்வி நோட்டும் பென்சிலுமாக வந்து இறங்கினாள். "அட்டை யாருக்கு வேணும்? ஓட்ட எங்கன எங்கன இருக்குன்னு தெரிஞ்சா போதும். வெளிச்சத்துல பிடிச்சு வாசிச்சு எழுதிக்கிடுதேன்."

முதல் வீடு ஜெபகனி வீடு. அட்டையைத் தானே இரண்டு கையாலும் ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள், விடவில்லை. ஜெபசெல்வி முன்பக்கம் நின்று ஓட்டை ஓட்டையாக வாசித்தாள். பின்பக்கம் நின்ற ஜெபகனி, இவள் எதையோ தப்பாக வாசித்துவிடுவாள் என்று பயந்தோ என்னவோ, தன் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சித்தி, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எனக்கு நம்பர் குழம்புது."

"நீ குழம்பாதளா, நான் வசனத்த விட்டா கை நடுங்குது."

பதினொன்று கிடைத்தது. ஒவ்வொரு அட்டையின் கடைசியிலும் அது எத்தனையாவது என்று நம்பர் இருக்கிறதாம்.

மார்ச் 4, சனி.

இன்னும் பதினாறு கிடைத்தது. ஒருத்தர் வீட்டில் அட்டையைக் கஞ்சி போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் தெரியவில்லை. ஜெபசெல்வி ஒரு குண்டூசியால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டுப் பார்த்தாள், குருடர் தடவுகிற மாதிரி. கடைக்கார ஆவுடையப்பன் அண்ணாச்சியும் புதுவருஷத்தன்று கோயில் வாசலில் நின்று ஒன்று எடுத்திருக்கிறார், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "நல்ல வார்த்தைதான, எந்தச் சாமி சொன்னா என்ன" என்று எடுத்துக் கொடுத்தார்.

எல்லா வீட்டிலும் எஸ்றாவைப் பற்றிச் சொன்னார்கள். தங்கமான பிள்ளை. ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 11, சனி.

இன்னும் பதினேழு. மொத்தம் நாற்பத்து நாலு. முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பது இல்லை.

மார்ச் 14.

முப்பத்தெட்டும் நாற்பதும் கிடைத்தன. மெஞ்ஞானபுரத்துக்குக் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்கள் கொண்டுபோயிருக்கிறார்கள். நானே பஸ்ஸில் போனேன், ஓட்டைகளை நானே கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

மார்ச் 15, புதன்.

முப்பத்தொன்று எங்கே என்று தெரிந்துவிட்டது.

தேவமணி டீச்சர். எனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர்கள். ஜனவரி கடைசியில் தவறிப்போனார்கள். அவர்கள் மகள் பேபி வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்த... அம்ம ஆசையா வச்சிருந்தாவன்னு பெட்டிக்குள்ள கையில குடுத்து அனுப்பிட்டேனே. தெரிஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டேனே."

"நீ செஞ்சது சரிதான்ளா" என்றேன்.

பேபி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கை தட்டியது. அவ்வளவுதான்.

மார்ச் 18, சனி.

ஜெபசெல்வியிடம் சொன்னேன். ஒரு வரி இல்லாமல் நடக்குமா என்றேன். நடக்காது என்றாள். பிறகு, "பழைய மிஷின் இன்னும் பதிமூணு நாளு இருக்குல்லா" என்றாள். அதன் வயிற்றில் அந்தக் கணக்கு முழுசாக இருக்கிறது. அதனிடம் ஒரு கேள்வி, புதிதிடம் அதே கேள்வி. விடுபட்ட வரியை இவளாக ஒன்று எழுதி வைத்து, இரண்டும் ஒரே விடை சொல்கிறவரைக்கும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். 31ஆம் தேதிக்கு மேல் கேட்க ஆள் இல்லை.

மார்ச் 24. பெரிய வெள்ளி.

மூன்று மணி ஆராதனை. உட்கார்ந்தேன், எழுந்தேன், முழங்கால் போட்டேன்.

மார்ச் 31, வெள்ளி.

இன்றைக்குப் பழைய மிஷினை லாரியில் ஏற்றியிருப்பார்கள். தகவல் ஒன்றும் இல்லை. தபால்காரர் வருகிற நேரம் முழுக்க வாசலில் நின்றேன்.

ஏப்ரல் 3.

ஜெபசெல்வியின் கார்டு. நாலே வரி. "புதன்கிழமை கோத்தது. எந்தப் பெயரையும் இல்லை என்று சொல்லவில்லை. நூறு கேள்விக்கும் இரண்டு மிஷினும் ஒரே விடை. மற்றதை நேரில்."

ஐயரிடம் காட்டினேன். ஸ்தோத்திரம் என்றார். நானும் ஸ்தோத்திரம் என்றேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு.

ஆராதனை முடிந்து வந்தால் ஜெபசெல்வி வாசலில் நிற்கிறாள். சாப்பிட்டோம். பாயில் அந்த நீளப் பேப்பரை விரித்தாள். நாற்பத்தேழு வரி. முப்பத்தொன்றாவது அவள் எழுதியது. பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. அவளை ஓட்டை போடுகிற வேலைக்கு அனுப்பவில்லை, எஸ்றாவின் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது குனிந்துகொண்டாள். உட்காரு பிள்ள, காலியா கிடந்து என்ன செய்ய என்றேன்.

அப்புறமும் கிளம்பாமல் பேப்பர் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அத்த, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிடப்பிடாது."

"சொல்லு."

"நூறு கேள்வி கேட்டேன்லா. அதுல மே மாச வெக்கைக்கு ஒரு பத்து கேள்வி. ரெண்டு மிஷினும் ஒரே விடைதான் சொல்லிச்சு. ஆனா அந்த விடையே தப்பு. பன்னெண்டாவது வரி. சூடு கூடுனா சுண்ணாம்பு ரெண்டு மடங்கு போடச் சொல்லுது. எஸ்றா அண்ணன் தப்பா எழுதிட்டாரு."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"சுண்ணாம்புத் தொட்டியில பேச்சிமுத்து அண்ணாச்சின்னு இருக்காரு. அவர்ட்ட கேட்டேன். 'மே மாசம் ஒங்க பேப்பர யாரு பாக்கா? கைக்கணக்குலதான் போடுவோம். தம்பிட்ட அப்பமே சொன்னேனே'ங்காரு. அதத் திருத்தத்தான் அட்டைக் கட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாரோ என்னவோ. தெரியல. மேனேஜர் இருக்கபடியே இருக்கட்டும்ங்காரு. எனக்குத் திருத்தணும். அவர் எழுதுனது... அதான் ஒங்ககிட்ட கேட்டுட்டு..."

"திருத்துளா!" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இதுக்கு என்னட்ட என்ன கேள்வி? தப்புன்னா திருத்து!"

பிறகு நிறுத்த முடியவில்லை. அவளிடம் இல்லை. ஏலே எஸ்றா, ரெண்டு மடங்காலே போடச் சொன்ன? ஒனக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த அன்னையிலயிருந்து இதே அவசரந்தான, கடைசி வரியப் போட்டுட்டு ஓடிருவ. அந்த அண்ணாச்சி சொன்னாருல்லா, சொன்ன அன்னைக்கே திருத்துனா என்ன? கட்டைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தியே, எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியாலே? இந்தப் பிள்ளைட்டயாவது சொன்னியா? கண்ணு மஞ்சளா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எத்தன தடவ சொன்னேன், திங்கக்கெழம போலாம் அத்த, திங்கக்கெழம போலாம் அத்தன்னு, எந்தத் திங்கக்கெழமல போன நீ?

ஜெபசெல்வி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.

நாலு மணி பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்தே முக்காலுக்கு. அதுவரைக்கும் அவனைத் திட்டினேன்.