எங்கள் பக்கக் கரை

நேற்றுக் காலையில் சுகாதார நிலையத்து நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு வந்து வீட்டுக்கு ஓர் அட்டை மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டுமாம். எதற்கு என்று என் மருமகள் கேட்டாள். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க என்றார். அட்டையை வாங்கிய கையோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷம் இதில் ஒன்று உனக்குக் கிடைத்திருந்தால், இதையெல்லாம் உன்னிடம் நேரிலேயே பேசிக்கொண்டிருப்பேன்.

நாம் பழகியது நூறு நாள் வேலையில். மேற்கே ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரைப் பழவேற்காட்டு ஏரியில் கொண்டு சேர்க்கும் அந்தக் கால்வாயைத் தூர்வாரத்தான் நம்மை விட்டார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவும் நெல் வயல்களும். அந்தப் பக்கம் பள்ளத்தில் உங்கள் தெரு. நீ மண்சட்டியை என் தலையில் தூக்கிவிடும்போதெல்லாம் உன் விரல்களைப் பார்ப்பேன். சேற்றில் கையை விட்டு இறால் தடவிப் பிடிக்கிற கை. முள் குத்தியதும் கிளிஞ்சல் கிழித்ததுமாக எந்நேரமும் புண்ணாகவே இருக்கும். "வலிக்கலியாடி?" என்று ஒருநாள் கேட்டேன். "வலிச்சா இன்னா பண்றது, வேற கையா கீது?" என்றாய். அதன் பிறகு சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில்தான் உட்காருவாய். எங்கள் தெருப் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். நீ அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாய்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. கால்வாயின் உங்கள் பக்கக் கரை ஒரு விடியற்காலையில் உடைந்து, தண்ணீர் நேராக உங்கள் தெருவுக்குள் புகுந்துவிட்டது. சாலை மூழ்கியதால் பொக்லைன் வர வழியில்லை என்று அதிகாரிகள் போனில் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு ஆண்கள் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் உடைந்ததால் நம் பயிர் தப்பித்தது என்று யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. யாரும் அதை மறுக்கவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். இடுப்பு வரை சேறு. பின்னால் உங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர். எங்கள் தெருவில் எதற்கும் முடிவு சொல்கிற என் கணவரின் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாய்.

"ஆளு வேணாங்கய்யா. காலிச் சாக்கும் சவுக்குக் கம்பும் குடுங்க. நாங்களே கட்டிக்கிறோம்."

"கட்டினா தண்ணி எங்க பக்கம் ஏறும்மா" என்றார் அவர்.

"ஏறட்டும். ஏறினா உங்க பக்கமும் நாங்க வந்து நிக்கிறோம்."

நான் வீட்டுக்குப் போய் யூரியா சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொருத்தி கொண்டுவந்தாள். பிறகு அண்ணனே சவுக்குத் தோப்புக்கு ஆள் அனுப்பினார்.

உடைப்பில் இரண்டு வரிசையாகக் கம்பு அடித்து, நடுவில் மண்மூட்டையும் வைக்கோலும் தென்னமட்டையும் போட்டு அடைத்தீர்கள். அடைத்த மறுநாளே அண்ணன் சொன்னபடி ஆனது. தண்ணீர் ஏறி, எங்கள் பக்கக் கரையில் கசியத் தொடங்கியது. கரை முழுக்க எலி வளை. யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களாகவே வந்தீர்கள். நீ மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையைத் தடவித் தடவி, வளை தட்டுப்படும் இடத்தில் களிமண்ணையும் வைக்கோலையும் திணித்தாய். வளையிலிருந்து வெளியேறிய எலிகள் மூட்டைகளின்மேல் ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. "மேல வா, போதும்" என்று நான் கரையிலிருந்து கத்தினேன். "இன்னும் ரெண்டு வளைதான்க்கா" என்றாய். அப்படிச் சொல்லிச் சொல்லியே பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் கரை நின்றது. எங்கள் நெல்லை அந்தத் தையில் அறுத்தோம்.

நீ அந்தத் தையைப் பார்க்கவில்லை.

தண்ணீர் வடியத் தொடங்கியபோது உனக்குக் காய்ச்சல். நனைந்ததால் வந்தது என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். நான் பார்க்க வந்தபோது ஈரத் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாய். கெண்டைக்கால் வலியில் எழுந்து நிற்க முடியவில்லை. உன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாறியிருந்தது. "பஸ்ஸு வுட்டதும் பொன்னேரி இட்டுக்கினு போறேன்க்கா" என்றார் உன் வீட்டுக்காரர். நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே டிராக்டரை எடுத்தார். ஆரம்பாக்கம் சுகாதார நிலையம் வரை உன் தலை என் மடியில் இருந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் முனகினாய். நடுவில் ஒருமுறை தெளிந்து, "கோழிங்கள கூரைமேல ஏத்தி வுட்டேன், யாராச்சும் எறக்கினாங்களா?" என்று கேட்டாய். இறக்கிவிட்டார்கள் என்றேன். எனக்குத் தெரியாது. நீ என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "கையில புண்ணோட வெள்ளத்துல நின்னாங்களா?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். "நின்னா டாக்டர். எங்க கரைக்காக நின்னா."

உன்னைப் புதைத்த அன்று எங்கள் தெருவில் எல்லோரும் வந்தார்கள். அண்ணன் சாப்பிடவே இல்லை. அவர் மாறிவிட்டார், ஊரே மாறிவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

போன வாரம் எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். ஊர்ப்பொதுப் பணத்தில் பொக்லைன் வைத்து எங்கள் பக்கக் கரையை மட்டும் உயர்த்துவது என்று முடிவு. உங்கள் பக்கம் அப்படியே கிடக்கும். தண்ணீர் வந்தால் எங்கே போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எழுந்து உன் பெயரைச் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் மட்டும், "அது நமக்குத் தெரியாதாம்மா? ஆனா பயிரு வெச்சிருக்கோமே" என்றார். இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது. இப்போது எங்கள் கரை ஆள் உயரம்.

இன்று உன் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். வாசலில் இறால் கூடை பின்னிக்கொண்டிருந்தார். கரையை அவரும் பார்த்திருக்கிறார்.

"மழ வலுத்தா தெருவுல எல்லாரையும் கூட்டிக்கினு எங்க வூட்டுக்கு வந்துடுங்க" என்றேன்.

கூடையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வூட்ல ஒத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்டார்.

"நான் யாரையும் கேக்கல" என்றேன்.

உண்மையாகவே கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. உனக்குப் பிறகு எனக்குள் மிஞ்சியிருக்கிற துணிவு இவ்வளவுதான்.