பொட்டு வைத்த இருபத்து நாலு தொட்டி

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் மழை. புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஜூரோங் ஆய்வுக்கூடம் வரை பேருந்து முழுக்க ஈரக் குடை. நான் பேசுகிறேன், கைபேசி எழுதிக்கொள்கிறது. மருமகள் சொல்லிக் கொடுத்த வித்தை. எனக்குப் பேருந்து எண் மட்டும்தான் படிக்க வரும். பரவாயில்லை, இதைப் படிக்கப் போகிறவரும் யாரும் இல்லை.

வேலை: நெல் தொட்டி இருபத்து நாலு. நான் தூக்கித் தராசில் வைப்பேன். டாக்டர் நஸ்ரின் தொட்டியில் பேனாவால் எழுதிய இங்கிலீஷ் எழுத்தை உரக்கப் படித்து, எடையைக் குறித்துக்கொள்வார். ஏ-யில் தொடங்கி எக்ஸ் வரை. பன்னிரண்டில் மரபணு மாற்றிய நெல், வறட்சியைத் தாங்கட்டும் என்று. மற்ற பன்னிரண்டு சாதா நெல். தண்ணீர் நிறுத்தி இன்று ஏழாம் நாள். எடை குறைகிற வேகத்தில் தெரியுமாம் எது சிக்கனக்காரன், எது ஊதாரி என்று.

தண்ணீர் ஊற்றாமல் இருக்கச் சம்பளம். கொடுத்து வைத்தவன் நான்.

நாளை ஆயுத பூசை. டாக்டரம்மா மதியம் கூட்டத்துக்குப் போனதும் தராசு, கத்தரிக்கோல், தள்ளுவண்டி எல்லாம் துடைத்தேன். தொட்டிகளில் பாசி. ஸ்பிரிட் துணியால் ஒரே தேய். சந்தனம், குங்குமம். கண்ணுக்கு நிறைவு.

அக்டோபர் 1, புதன்

மழை இல்லை. வேறு நல்ல சேதியும் இல்லை.

"அங்கிள், எழுத்தெல்லாம் எங்க?"

"எந்த எழுத்தும்மா?"

"தொட்டியில எழுதியிருந்தேனே! ஐயோ, எல்லாம் பொட்டா இருக்கு லா!"

கப்பல் பட்டறையில் முப்பது வருடம் ஆயுத பூசைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவன். அங்கே எழுத்தெல்லாம் பெயின்ட். எதற்கும் அசையாது. பேனா எழுத்து இப்படி ஓடிப்போகும் என்று கண்டேனா?

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மாத்தின நெல்லா, சாதா நெல்லான்னு மெஷின் சொல்லிடும். இத்தனை நாள் எடை எது எதோடதுன்னு யாரு சொல்லுவா? திரும்பப் போட்டா நாலு மாசம். டிசம்பர்ல என் புராஜெக்ட் முடியுது அங்கிள்."

"நான் சொல்றேன்."

"உங்களுக்குத்தான் ஏபிசி தெரியாதே."

"காது இருக்குல்ல? தினம் நீங்க படிச்சீங்க, நான் தூக்கினேன்."

சொன்னேன்.
விளிம்பில் பல் போனது, ஜே.
அடியில் பசைக் கறை, டி.
ஒரு பக்கம் வெளுத்தது, எம்.
தராசில் வைத்தால் ஆடுவது, கியூ.
இப்படியே இருபத்து நாலும்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லி எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினார். மறுபடி சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

"அங்கிள், இது மூளையா கம்ப்யூட்டரா?"

சிரித்தார். அப்பாடா. ஆனால் ஆய்வுக்கூடத்து பாஸ் வெறும் ஞாபகத்தை நம்ப மாட்டாராம். ஒவ்வொரு செடியிலும் இலை கிள்ளி மெஷினுக்கு அனுப்பினோம். எந்த எழுத்தில் எந்த நெல் என்று டாக்டரம்மாவிடம் பட்டியல் உண்டு. நான் சொன்ன எழுத்தும் மெஷின் சொல்வதும் அதோடு ஒத்துப்போனால் ஆய்வு தொடரும். திங்கள் தெரியும்.

அக்டோபர் 4, சனி

வெக்கை. தேக்கா மார்க்கெட். வாங்க வேண்டியது: மீன் தலை, முருங்கைக்காய், வெற்றிலை. முருங்கைக்காய் மறந்துபோச்சு. அந்தோணியால் வந்த வினை. பட்டறைக் கூட்டாளி, வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"செடிக்குப் பொட்டு வெச்சிட்ட. தாலி எப்போடா?"

"உன்னத்தான் தோழனா நிறுத்தணும். கோப்பியக் குடி."

வெளியே சிரிப்பு, உள்ளே உதைப்பு. எனக்கு வேலை போனால் வீட்டில் காலை நீட்டி உட்காருவேன். அந்தப் பெண்ணுக்கு மூன்று வருட உழைப்பு. என் ஒரு துணி.

அக்டோபர் 6, திங்கள்

மேகமூட்டம். பாஸ், டாக்டரம்மா, நான். மெஷின் கணக்கு வந்துவிட்டது.

இருபத்திரண்டு சரி. ஜே, டி இரண்டும் தப்பு. ஜே-யில் மாற்றிய நெல் இருக்க வேண்டும், இருப்பது சாதா. டி-யில் நேர் எதிர்.

பாஸ் உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் கோபம்.

"பல்லு போனது ஜே தாம்மா. என் தலையில அடிச்சுக் கேட்டாலும் ஜே."

டாக்டரம்மா திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அங்கிள், கண் டாக்டரப் பாக்கப் போனீங்களே, ரெண்டாம் நாள்? நானே தூக்கினேன். ரெண்டு தொட்டி ஒண்ணா. விழுந்துடுச்சு. செடி மண்ணோட வெளிய வந்துச்சு, அள்ளி வெச்சேன்..."

"மாத்தி வெச்சிட்டீங்க."

"மாத்தி வெச்சிட்டேன் போல."

"அப்போ தொட்டி சரி. செடிதான் வீடு மாறிடுச்சு."

பாஸுக்கு இங்கிலீஷில் சொன்னார். சீனர், சிரிக்கவே மாட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். நான் துடைக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டும் கடைசி வரை தப்புக் கணக்கு சொல்லியிருக்குமாம். அவற்றை நீக்கிவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார்.

ஆனாலும் தவறு விவரத் தாள் உண்டு. பெருவிரலை மையில் ஒற்றி வைத்தேன். பாஸ் எடுக்கக் கை நீட்டினார். டாக்டரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, என் ரேகைக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

"தூக்குங்க அங்கிள். ஏ."

தூக்கினேன்.