அறுபத்தெட்டு கிலோ

ஜனவரி 11

அட்டையில் இரண்டாவது துளை விழுந்துவிட்டது.

மேலே பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் விளையாட்டு இது. சங்கத்தின் விதி எளிது. மீட்புப் படகு வந்து ஒருவரைக் கடலிலிருந்து தூக்கினால் அவருடைய உறுப்பினர் அட்டையில் ஒரு துளை. ஒரு பருவத்தில் மூன்று துளை விழுந்தால் அட்டை ரத்து. பிறகு கடலில் இறங்க வேண்டுமானால் முதல் நாள் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்: ஆரஞ்சுத் தொப்பி, இடுப்பளவுத் தண்ணீர், பக்கத்தில் எட்டு வயதுக் குழந்தைகள். முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்து எத்தனையோ பேரை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தவள் நான். இந்த விதியை எழுதியது அவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

தவறு என்னுடையது இல்லை, வாடகைப் பலகையுடையது. இந்த விரிகுடாவில் காற்று பத்து நாட், அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவது அபூர்வம். மின்விசிறியை இரண்டில் வைத்தால் வருமே, அவ்வளவுதான். மேலே பட்டம் இழுக்கிறது, காலடியில் பலகை மூழ்குகிறது. நடுவில் நான், கடலில் நட்டுவைத்த தபால் பெட்டி மாதிரி.

வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். வீடு திரும்பும்போது ஒரே வாக்கியம்: "ரெண்டு தடவையும் ரொம்ப நல்லாத் தூக்குனாங்க."

ஜனவரி 13

சொந்தப் பலகை வாங்கப் போகிறேன். மார்ச் 22 தொடக்கநிலைப் பந்தயம். அதற்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. நாத்தனாரும் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் நானும் கொடுத்தேன் என்று இந்த நோட்டில் மட்டும் எழுதலாம்.

ஜனவரி 15

நாத்தனார் போன் செய்தாள். அவள் பல் டாக்டர். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லும் அதே குரலில் எல்லாவற்றையும் சொல்வாள்.

"அண்ணி, இந்தக் காத்துக்கு ஃபாயில்தான். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

ஃபாயில் என்றால், பலகைக்கு அடியில் ஒரு ஆள் இடுப்பு உயரக் கம்பம், கம்பத்தின் நுனியில் குட்டி விமானச் சிறகு. வேகம் வந்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும். மெல்லிய காற்றில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் நாத்தனார் அதை நவம்பரில் வாங்கினாள். இதுவரை அவள் பலகையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 16

மதிப்பெண் பட்டியல் போட்டேன். பழக்கம் விடுமா?

எனக்கு ஒரே பலகை இரண்டு வேலை செய்ய வேண்டும். வாரநாளில் சும்மா சுற்றி வர வேண்டும், பருவ முடிவில் ஒரு பந்தயம் ஓட வேண்டும். ஃபாயிலுக்கு வேகத்தில் நூறு, ஒழுக்கத்தில் பூஜ்யம். நீள மூக்கும் ஆழமான துடுப்புகளும் உள்ள பந்தயப் பலகை காற்றுக்கு எதிரே அருமையாக ஏறும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கால்களை இடம் மாற்ற வேண்டும். என் முழங்காலைக் கேட்டேன், மாட்டேன் என்றது. மிச்சம் இருப்பது இரண்டு பக்கமும் ஓடும் தட்டைப் பலகை. வளைவு குறைவு, அகலம் அதிகம். சேற்றின்மேல் பலகை போட்டு நடப்பதை நினைத்துக்கொண்டால் போதும். பரப்பு பெரிதானால் அமிழாது. வளைந்த பலகை தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், தட்டையானது அதன்மேல் வழுக்கும்.

தட்டைப் பலகைக்கு எழுபத்தெட்டு மதிப்பெண். முதல் வகுப்பில் தேர்ச்சி.

ஜனவரி 18

பலகைக் கடை. கடைக்காரன் என் பழைய மாணவன். நாற்பத்தைந்து வயது, பாதித் தலை வழுக்கை. நான் உள்ளே போனதும் விருட்டென்று எழுந்து நின்றான். "உக்காருப்பா" என்றேன், அவனுடைய கடையில் வைத்தே. உட்கார்ந்தான்.

படிவம் எடுத்தான். பெயர், அனுபவம், காற்றின் வேகம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினான். 'எடை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. என்னைப் பார்த்தான், விட்டத்தைப் பார்த்தான். பிறகு கேட்காமலே 68 என்று எழுதினான்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். நான் அறுபத்தெட்டு கிலோ இருந்தது என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் சிவப்பு மை போட்ட நான், அந்த ஒரு விடைத்தாளை மட்டும் திருத்தவில்லை.

சுவரில் அளவு அட்டவணை. எழுபது கிலோ வரை 148 சென்டிமீட்டர் பலகை. எண்பதுக்கு மேல் 165. அந்த 165 கடையின் பின்சுவரில் தொங்கியது. பெரிய குளியலறைக் கதவு மாதிரி. கைப்பிடி வைத்தால் தட்டிவிட்டு உள்ளே போகலாம். அவன் அதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"டீச்சர்... அதையும் ஒரு தடவை பாக்குறீங்களா?"

"அட்டவணை என்ன சொல்லுது?"

"நூத்தி நாப்பத்தெட்டுன்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க டீச்சர்."

கிளிப்பச்சை நிறத்தில் ஒரு 148 வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அழகா இருக்கு. மிதக்குமா?"

ஜனவரி 25

எழுந்து நின்றேன். ஓடினேன். ஆனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர முடியவில்லை.

காற்றுக்கு எதிரே ஏறுவது, கீழே இறங்கும் நகரும் படியில் மேலே ஏறுவது போல. இறங்கும் வேகத்தைவிடக் கொஞ்சமாவது அதிக வேகம் வேண்டும். எனக்கு அந்தக் கொஞ்சம் இல்லை. வேகம் போகாமல் இருக்கக் காற்றோடு சேர்ந்து சரிய வேண்டியிருக்கிறது. சரிந்து சரிந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கரை ஏறினேன். பட்டத்தைச் சுருட்டி, பலகையைக் கக்கத்தில் இடுக்கி நடந்து வந்தேன்.

நடந்து வந்தால் துளை இல்லை. விதியில் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 1

நடந்தேன். காற்று சரியில்லை.

பிப்ரவரி 8

நடந்தேன். நீரோட்டம்.

வீட்டுக்காரர் எனக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்திருக்கிறார். "கடலுக்கு இல்ல. திரும்பி வர்றதுக்கு."

பிப்ரவரி 15

இன்று வீட்டுக்காரர் நாற்காலியை வழக்கமான இடத்தில் போடவே இல்லை. நான் கடலில் இறங்கும்போதே நாற்காலி, ஃப்ளாஸ்க், செய்தித்தாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் கீழே போய்விட்டார். நான் எங்கே கரை ஏறுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பத்தடிதான் பிழை. கணக்கு டீச்சரின் புருஷன் என்பதை இப்படித்தான் நிரூபிக்க வேண்டுமா?

நாத்தனார் ஃபாயிலில் ஒரு ஐம்பது மீட்டர் பறந்தாள்.

"அண்ணி, பாத்தீங்களா, பறந்தேன்!"

"பாத்தேன். எறங்குனதையும் பாத்தேன்."

சிரித்தாள். பிறகு என் பலகையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "சின்னதா தெரியுதே, அண்ணி?"

"என் எடைக்கு அதுதான்."

"அப்படியா?" என்றாள். தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சொல்லும் நோயாளியிடம் அவள் சொல்லும் 'அப்படியா' அது.

மார்ச் 1

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காற்று எட்டு நாட். பாறைப் பக்கம் சரிந்துகொண்டிருந்தேன். கரை இருநூறு மீட்டர் இருக்கும். மீட்புப் படகு பக்கத்தில் வந்தது. வேண்டாம் என்று கை அசைத்தேன். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"தூக்க வரல டீச்சர், பயப்படாதீங்க. ஒண்ணு கேக்கணும். இந்தப் பலகை எத்தன கிலோவுக்கு வாங்குனது?"

"அறுபத்தெட்டு."

மனிதர் சிரிக்கவில்லை. தன் வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"நான் ரெண்டு தடவ உங்களத் தூக்கியிருக்கேன் டீச்சர். நீங்க சொன்னா நான் நம்புவேன். என் தோளு நம்பாது."

எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் சரிந்துபோய்க் கரை ஏறி, நடந்தேன். இன்று காற்றைத் திட்டவில்லை.

மாலையில் வாளிக்கு அடியில் கிடந்த எடைக்கருவியை எடுத்துத் துடைத்து ஏறினேன். 83. வேறு இடத்தில் வைத்து ஏறினேன். 83. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறினேன். எண் தெரியவில்லை. அது ஒன்றுதான் திருப்தியாக இருந்தது.

என்னையே நிறுத்திக் கேட்டேன்: ஏன் இப்படிப் பண்ணின? பதினஞ்சு கிலோ! ஒரு பையன் வாய்ப்பாட்டுல இவ்வளவு பிசகினா சும்மா விட்டிருப்பியா நீ? பாதிக் கடற்கரையத் தேய்ச்சாச்சு, காத்து மேல பழி, தண்ணி மேல பழி. கண்ணுக்கு முன்னாடி ஒருத்தன் தப்பா எழுதுறான், ஆகான்னு பாத்துக்கிட்டு இருந்தவ நீ.

மார்ச் 2

சிவப்புப் பேனாவோடு கடைக்குப் போனேன். படிவத்தைக் கேட்டு வாங்கினேன். 68ஐ அடித்தேன். 83 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அவன் எழுந்து நின்றுகொண்டே பார்த்தான்.

"எனக்கு அப்பவே தெரியும், டீச்சர்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா?"

படிவத்தை மடித்து உள்ளே வைத்தான். பிறகு மெதுவாக: "ஒன்பதாவதுல ஒரு தடவ சொன்னேன் டீச்சர். போர்டுல நீங்க போட்ட கணக்குல மூணாவது வரி தப்புன்னு. குறுக்க பேசுறியான்னு வெளிய நிறுத்திட்டீங்க."

"நானா?"

"நீங்கதான். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னேன். நான் வெளிய வந்ததும் அந்த மூணாவது வரிய அழிச்சுத் திருத்துனீங்க. ஆனா பெல் அடிக்கிற வரைக்கும் என்னை உள்ள கூப்பிடல."

கோபமாகச் சொல்லவில்லை. பலகை அளவு சொல்வது போலச் சொன்னான்.

எனக்கு அது நினைவே இல்லை. அவனுக்கு வரி எண்ணோடு நினைவிருக்கிறது. ஓய்வுபெற்ற நாளில் ஒலிபெருக்கியில் 'பொறுமையின் மறுவடிவம்' என்று படித்தார்கள். அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவள் நானேதான்.

"மூணாவது வரில என்ன தப்பு?" என்றேன்.

"கழித்தல் குறிய விட்டுட்டீங்க."

கிளிப்பச்சையைத் திருப்பி எடுத்துக்கொண்டான், எடை குறைந்த ஆள் யாராவது வருவார்கள் என்று. பின்சுவரிலிருந்து அந்த 165 கதவை இறக்கினான்.

மார்ச் 8

கதவு ஓடுகிறது!

அதே எட்டு நாட் காற்று. பட்டம் இழுத்ததும் பலகை குபுக்கென்று மேலே வந்தது. விளிம்பை அழுத்தினேன், காற்றுக்கு எதிரே மெல்ல ஏறியது. ஒரு மணி நேரம் கழித்துப் புறப்பட்ட இடத்திலேயே கரை ஏறினேன். நாற்காலியைக் காணோம். மனிதர் வழக்கம்போல ஒரு கிலோமீட்டர் கீழே போய் உட்கார்ந்திருந்தார். நாற்காலி, ஃப்ளாஸ்க், செய்தித்தாளோடு வெயிலில் திரும்பி வந்தார்.

இன்று நடந்தது அவர். செருப்பை இரவல் கொடுத்திருப்பேன்.

மார்ச் 15

திரும்பி வந்தேன். போன வாரம் நடந்தது குருட்டாம்போக்கு இல்லை.

மார்ச் 21

நாளை. மூன்றாவது துளைக்கு அட்டையில் இடம் காலியாக இருக்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஆரஞ்சு எனக்குப் பொருந்தாத நிறம்.

மார்ச் 22

பதினோரு பேர். நாத்தனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஃபாயிலோடு நின்றாள். காலையில் காற்று பன்னிரண்டு நாட். இவ்வளவு காற்றுக்குச் சின்னப் பட்டம், பதினான்கு சதுர மீட்டர், போதும் என்று நான் விரிக்க ஆரம்பித்தேன். கடைக்காரன் கூட்டத்தைத் தாண்டி வந்தான்.

"டீச்சர், பதினேழ எடுங்கன்னு நெனைக்கிறேன்."

எல்லோரும் பார்த்தார்கள். வாய்வரை ஒரு பதில் வந்தது. அது பழைய பதில்.

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"தெரியும். தப்பு பண்றீங்க. பாதியில காத்து விழும்."

பதினான்கைச் சுருட்டினேன்.

இரண்டாம் சுற்றில், மஞ்சள் மிதவையைத் திரும்பும்போது காற்று விழுந்தது. ஏழு நாட் இருந்தால் அதிகம். சுற்றிலும் பட்டங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் படுத்தன. என் கதவு முனகிக்கொண்டே ஓடியது. அமிழப் போகிறது, இதோ போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் பதினேழு மீட்டர் பட்டம் ஒரு இழுப்பு இழுத்தது. பக்கத்தில் நாத்தனார், கழுத்தளவுத் தண்ணீரில், ஃபாயிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தாள்.

"அண்ணி!"

"படகு வருது! வலிக்கவே வலிக்காது!"

படகுக்காரர் அவளைத் தூக்கிப் போட்டார். பிறகு தண்ணீரைத் தாண்டி என்னைப் பார்த்தபடி வலது தோளைத் தடவிக்கொண்டார்.

எட்டாவதாக வந்தேன். முடித்தவர்களே எட்டுப் பேர்தான். அட்டையில் இரண்டு துளை. இரண்டே இரண்டு.

மார்ச் 29

நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள். "அண்ணி, அந்தக் கதவு மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும். என்கூட வாங்க."

கடை வாசலுக்கு உள்பக்கம் புதிதாக ஒரு எடைக்கருவி. மேலே அட்டையில் பெரிய எழுத்தில்: 'யாராக இருந்தாலும் ஏறி நிற்கவும்.'

கடைக்காரன் இன்று நான் நுழைந்தபோது எழவில்லை. உட்கார்ந்தபடியே "வாங்க டீச்சர்" என்றான்.

நாத்தனார் கருவியைப் பார்த்தாள். "எதுக்கு இதெல்லாம்? அறுபத்தொண்ணுன்னு போட்டுக்கோங்க."

"ஏறி நில்லுங்க மேடம்."

செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். மூக்குக்கண்ணாடியில் கை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

வெளியே போய்க் கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். அவன் குனிந்து எண்ணைப் படித்தான். அவள் கருவியைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். மறுபடி சொன்னாள், மறுபடி தலையாட்டினான். பிறகு பேனாவை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், கட்டத்தில் எழுதினான்.

வெளியே நின்றால் கண்ணாடி வழியாக உள்ளே எல்லாமே எவ்வளவு நன்றாகத் தெரிகிறது.