பம்பு கழுதைக்கு வலிக்காது

காவேரிப்பட்டினம்
20.4.2025

தர்ஷினி அப்பாவுக்கு,

சத்யப்ரியா எழுதுவது. தர்ஷினி நன்றாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன். வெங்கட் அண்ணனும் அண்ணியும் எங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆகையால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உங்கள் தாய்மாமா திம்மராயன் மாமாவிடம் கேட்டீர்களாம். எடுத்தால் இரண்டாவது நிமிஷமே உங்கள் குரல் ஏறிவிடுகிறது, என்னுடையதும்தான். கடிதமென்றால் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு ஒட்டலாம். பள்ளி திறப்பதற்குள் ஓசூருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று சொல்கிறேன் என்று மாமா முன்னால் சொன்னேன். அந்தச் சொல் மாறாது. அதுவரை கடிதம் மட்டும்.

இப்போது எழுதுவது வேறொரு விஷயத்துக்காக. அந்தப் பழைய கார்ட்டூன் பம்பு கழுதையையும் ஜிங்கு சேவலையும் அவளுக்குக் காட்டிப் பழக்கியது நீங்கள். அதே இரண்டு பேரையும் வைத்து இப்போது ஐந்து நிமிஷப் புதுப் படங்கள் வருகின்றனவாம். அண்ணியின் போனில் எப்படியோ கண்டுபிடித்துவிட்டு, காட்டு காட்டு என்று உயிரை எடுக்கிறாள். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வீடு வந்தால் கண்ணைச் சொருகுகிறது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது. நீங்கள் பார்த்துவிட்டு, அதில் என்ன நடக்கிறது, குழந்தைக்குக் காட்டலாமா என்று எழுதுங்கள். முடிவு நான் செய்துகொள்கிறேன்.

சத்யப்ரியா


ஓசூர்
24.4.2025

அன்பு ப்ரியா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்று படித்துவிட்டேன். ஹவுஸ் ஓனரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து கன்னடத்தில் என்னவோ கேட்டார். ஊரிலிருந்து லெட்டர் என்றேன். இந்தக் காலத்தில் லெட்டரா என்று சிரித்தார். உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் மாம்பழ சீசன் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்துவிடும், அதை நினைவில் வைத்துக்கொள்.

சரி, நீ கொடுத்த வேலைக்கு வருகிறேன். பார்ட்ஸ் பார்த்து பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று முத்திரை குத்துகிறவனிடமே கார்ட்டூனையும் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறாய். கம்பெனியில் யாரும் எனக்கு இவ்வளவு இனிமையான வேலை கொடுத்ததில்லை.

முதல் படம், 'பம்புவுக்கு வேலை கிடைத்தது'. பம்பு பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாகிவிட்டான். தொப்பி, முதுகில் பெட்டி, கையில் போன். ஜிங்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில் இருந்துகொண்டு மணிக்கொரு பார்சல் வரவழைக்கிறான். லிப்ட் பழுது. பம்பு ஏறுகிறான், கதவைத் தட்டுகிறான், கதவு படாரென்று திறந்து மூக்கைச் சப்பையாக்குகிறது. மறுபடி இறங்குகிறான். இவ்வளவுதான் கதை. ஆனால் ஓட்டம் நன்றாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. கழுதையின் கண்ணை ஏன் இப்படிக் கண்ணாடிக் குண்டு போலப் பளபளக்க வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை. பழைய பம்புவுக்கு இரண்டு புள்ளிதான் கண், அதிலேயே அவன் முழித்த முழி உலகத்துக்கே தெரியும். பிறகு அந்தச் சத்தம். நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் வந்ததில் ஒவ்வொரு விழலுக்கும் ஒரு வாத்தியம் இருந்தது. படிக்கட்டில் விழுந்தால் ஒன்று, தண்ணீரில் விழுந்தால் ஒன்று. இதில் எல்லாவற்றுக்கும் ஒரே 'டொய்ங்'. தமிழ்க் குரல் கொடுத்தவரும் சுமார்தான். "செத்தேன் சாமி... இல்ல, எழுந்துட்டேன்" என்று பம்பு சொல்வதை நான் சொன்னால் தர்ஷினி புரண்டு சிரிப்பாளே, அந்த இழுப்பு இவருக்கு வரவில்லை.

முடிவு: பாஸ். தாராளமாகக் காட்டலாம்.

பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் புத்தகம் வந்துவிட்டதாம். கேட்டு வைத்திருக்கிறேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது ப்ரியா. குக்கர் விசில் சத்தம்கூட அடுத்த வீட்டிலிருந்துதான் கேட்கிறது.

உன்
மணிவேல்


காவேரிப்பட்டினம்
2.5.2025

தர்ஷினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தப் படத்தைக் காட்டினேன். நானும் பக்கத்தில் இருந்தேன். கதவு மூக்கில் அடிக்கும் இடத்தில் எல்லாம் சிரித்தாள். பிறகு படத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள்.

படத்தின் கண், காது, சத்தம் எல்லாவற்றையும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திறமை உங்களுக்கு எப்போதும் உண்டு. கல்யாணமான புதிதில் நீங்கள் சினிமா பார்த்துவிட்டு வந்து கதை சொன்னால் எனக்கு டிக்கெட் காசு மிச்சம் என்று சொல்வேன்.

புருவத்தில் தையல் பிரித்தாயிற்று. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கூழ் கம்பெனியில் தலைக்கு வலை மாட்டுகிறோம், அதன் ரப்பர் அந்த இடத்தில்தான் அழுத்துகிறது. மற்றபடி ஒன்றும் தொந்தரவில்லை.

அடுத்தடுத்து இரண்டு படம் வந்திருப்பதாக அண்ணி சொன்னார். அதையும் பார்த்து எழுதுங்கள்.

சத்யப்ரியா


ஓசூர்
8.5.2025

அன்பு ப்ரியா,

தையல் பிரித்தது அறிந்து நிம்மதி. தழும்பு தெரியாமல் போகக் கற்றாழை தடவச் சொல் என்று ஷிப்டில் ஒருவர் சொன்னார். தடவிப் பார்.

இந்த வாரம் மழை. சூளகிரியில் லாரி கவிழ்ந்து, கம்பெனி பஸ் ஊர் வந்து சேர ஒரு யுகம் ஆயிற்று. அந்த நேரத்தில் இரண்டு படத்தையும் பார்த்து முடித்தேன்.

ஒன்று, 'ஒரே குடை'. பம்புவும் ஜிங்குவும் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்குகிறார்கள். இருப்பது ஒரு குடை. அடிதடி ஆரம்பிக்கப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள், மழையைப் பார்க்கிறார்கள், படம் முடிகிறது. ஒரு பேச்சில்லை. எந்தப் புண்ணியவான் இதை எடுத்தானோ. கழுதைக்கும் சேவலுக்கும் நடுவில் சண்டை இல்லையென்றால் அப்புறம் அவை வெறும் கழுதை, வெறும் சேவல். மழை மட்டும் அழகாக வரைந்திருக்கிறார்கள். ரீவொர்க்.

இரண்டாவது, 'சமையல் போட்டி'. ப்ரியா, இதுதான் படம். பழைய ஆட்கள் யாரோ உள்ளே இருக்கிறார்கள் போல. பம்பு சமைத்ததை ஜிங்கு வாயில் வைக்கிறான், முகம் சிவக்கிறது, தட்டை எடுத்து வீசுகிறான். தட்டு பம்புவின் முகத்தில் பதிந்து, முகம் தட்டிலும் தட்டு முகத்திலுமாக மாறிவிடுகிறது. அடுத்த தட்டு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அந்தக் கணக்கு பிசகவே இல்லை. கடைசியில் தலையைச் சுற்றி நட்சத்திரம், பம்பு எழுந்து அதே தட்டில் பரிமாறுகிறான். நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்ததைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்.

முத்திரை: டபுள் பாஸ். இதை மட்டும் தர்ஷினிக்கு முதலில் காட்டு. விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்டது. எப்போது கிளம்புகிறாய் என்று ஒரு வரி எழுது, வேன் சொல்லிவிடுகிறேன்.

உன்
மணிவேல்


காவேரிப்பட்டினம்
14.5.2025

தர்ஷினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் கடிதத்துக்கும் போனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

சமையல் போட்டியை நீங்கள் டபுள் பாஸ் செய்திருக்கிறீர்கள். தட்டு வீசும் இடத்தை அவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்கள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லையா? உங்களை வம்புக்கு இழுக்கக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அன்றைக்குச் சண்டை எதற்கென்று இப்போது எனக்கே சரியாக நினைவில்லை. நான் வேலைக்குப் போவது பற்றி இருக்கலாம், சாம்பாரில் உப்பு பற்றியும் இருக்கலாம். நீங்கள் டிபன் டப்பாவை வீசினீர்கள். சுவரில் வீசினேன் என்று மாமாவிடம் சொன்னீர்கள். சுவரில் பட்டுத்தான் என் மேல் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. எனக்கு அது பெரிதில்லை. தர்ஷினி கதவருகில் நின்று அழ வாயெடுத்தாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பம்பு குரலில், "செத்தேன் சாமி... இல்ல, எழுந்துட்டேன்" என்றீர்கள். என்னைக் காட்டிச் சொன்னீர்கள். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கிட்டே வந்து என் தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏம்மா, நட்சத்திரம் இன்னும் வரல?"

அவள் பயந்துவிடக் கூடாதென்று செய்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பிறகு அதையே சாட்சியாக்கினீர்கள். "கொழந்தையே சிரிச்சுது மாமா, அவ்ளோ பெரிய விஷயமா இது?" என்று நாலு பேர் முன்னால் சொன்னீர்கள். அன்றுதான் நான் துணியை எடுத்து வைத்தேன்.

நம் பெண் நாளைக்கு இன்னொரு வீட்டில் வாழ வேண்டியவள். அவள் மேல் ஒன்று வந்து விழுந்தால் அவளே சிரித்துக்கொள்வாளோ? இது மட்டும்தான் என் பயம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், மாமாவுக்கும் அண்ணனுக்கும் விளக்கம் வேண்டாம். தர்ஷினிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். அன்றைக்கு நடந்தது கார்ட்டூன் இல்லை, அம்மாவுக்கு வலித்தது, அப்பாதான் வீசினேன் என்று எழுதுங்கள். அந்தக் கடிதம் வந்தால் பள்ளி திறக்கும் முன் அவளைக் கூட்டிக்கொண்டு நானே பஸ் ஏறி ஓசூர் வருகிறேன். வேன் வேண்டாம்.

இன்னொன்று. 'ஒரே குடை' படத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

சத்யப்ரியா


ஓசூர்
21.5.2025

அன்பு ப்ரியா,

நீ கேட்டபடி தர்ஷினிக்கு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன். நீ சொன்ன மாதிரியே எழுதத்தான் உட்கார்ந்தேன். 'அப்பாதான்' என்று எழுதியதும் அவள் முகம் கண்ணில் வந்து நிற்கிறது. ஏழு வயதுக் குழந்தை, நான் வீட்டுக்குள் வந்தாலே பயந்து ஒளிந்துகொண்டால் என்ன செய்வேன்? அவளுக்குப் புரிகிற விதத்தில், அவளுக்குப் பிடித்த விதத்தில் எழுதியிருக்கிறேன். விஷயம் எல்லாம் அதில் இருக்கிறது. நீ படித்துப் பார், உனக்கே சிரிப்பு வரும்.

வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். எந்த பஸ் என்று மட்டும் சொல்.

உன்
மணிவேல்

(உள்ளே வைத்தது)

அன்புள்ள தர்ஷினிக் குட்டிக்கு,

ஹீ-ஹா! நான்தான் பம்பு. உன் வீட்டில் ஒரு நாள் ஒரு டிபன் டப்பாவுக்குத் திடீரென்று இறக்கை முளைத்தது. விர்ரென்று பறந்தது. சுவரில் முட்டியது. அம்மாவிடம் போய் விழுந்தது. ஐயோ! யார் பறக்கவிட்டது? நான் இல்லை என்கிறான் ஜிங்கு. நானும் இல்லை. அந்த டப்பா ரொம்ப மோசமான டப்பா. அம்மாவுக்குக் கொஞ்சம் வலித்தது. இப்போது சரியாகிவிட்டது. நாங்கள் டப்பாவை ஜெயிலில் போட்டுவிட்டோம்! இனிமேல் அது பறக்காது. செத்தேன் சாமி... இல்ல, எழுந்துட்டேன்! சீக்கிரம் ஓசூருக்கு வா. அப்பா உனக்காகக் காத்திருக்கிறார்.

உன்
பம்பு


காவேரிப்பட்டினம்
28.5.2025

தர்ஷினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் பம்புவின் கடிதமும் வந்தன. உங்களுடையதை நான் படித்தேன். மற்றதை தர்ஷினியிடம் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று அண்ணி சொன்னார். அவள் பெயருக்கு வந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தாள். டப்பா ஜெயிலுக்குப் போன இடத்தில் நன்றாகச் சிரித்தாள். நீங்கள் சொன்னது சரிதான், அவளுக்குப் பிடித்த விதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களை நான் கெட்டவர் என்று யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். கூழ் கம்பெனியில் சீசன் முடிந்ததும் லேபில் சாம்பிள் பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தர்ஷினிக்கு இங்கேயே இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. டி.சி. வாங்க வெங்கட் அண்ணன் வெள்ளிக்கிழமை ஓசூர் வருகிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், வாசலில் நிற்க வைக்க மாட்டோம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க வேண்டாம்.

இனி படங்களைப் பார்த்து எழுத வேண்டாம். நானே அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. தர்ஷினி எழுதிய பதில். நான் உதவவில்லை, தப்பும் தவறுமாக அவளே எழுதினாள். அது பம்புவுக்கு எழுதியது. அப்பாவுக்கு எழுதவில்லையா என்று கேட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா எனக்கு ஒண்ணும் எழுதலையேம்மா."

சத்யப்ரியா